அம்மாவுக்கு லண்டன் பிடிக்கவில்லை!



மகளைப் பார்க்க, பேரப்பிள்ளைகளைப் பார்க்க என்று நம் வீட்டு அம்மாக்கள் இப்போது வெளிநாடு போய் வருவது சகஜமாகிவிட்டது. வந்தவர்களை எங்கே கூட்டிப் போவது என்று மகள்கள் முழிப்பதும் சகஜம்தான். நானும் முழித்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லண்டனுக்கு மேற்கே சுமார் 130 கி.மீ. தள்ளி, ஸ்விண்டன் என்ற ஊரில். இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் இங்கிலாந்துக்காரர்களே, "அங்கே பார்க்க என்ன இருக்கு?" என்று சிரிப்பார்கள். 1972ல் போட்ட ஒரு ரவுண்டானாதான் இங்கே பிரபலம். நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி ஐந்து குட்டி ரவுண்டானாக்கள். நடு வட்டத்தில் வண்டிகள் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அதில் என் கணவர் காரை விடும்போதெல்லாம் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "சமயபுரத்தாளே" என்பார். நானும் முதல் ஒரு வருஷம் அப்படித்தான்.

அப்பா தவறி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பொன்மலையில் அம்மா தனியாக இருக்கிறாரே என்று போன ஜூலையில் வரவழைத்தோம். பிள்ளைகளுக்கு இங்கே ஜூலை கடைசியிலிருந்து ஆறு வாரம் லீவு. ஒரே சம்பளம், வீட்டு வாடகை, இதில் ஆறு வாரத்தை ஓட்டுவதே பெரிய பாடு. இருந்தாலும் அம்மா வந்திருக்கிறாரே என்று கையைக் கடித்துக்கொண்டு லண்டன் கூட்டிப் போனோம். அரண்மனை, பாலம், கோட்டை எல்லாம் பார்த்தோம். அம்மா எல்லாவற்றுக்கும், "நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து கால் வீங்கிப் படுத்தவர், மறுநாள் மெதுவாகக் கேட்டார். "டிக்கெட்டை முன்னாடியே மாத்த முடியுமாடி? நாலு சுவத்துக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன்பிறகு தூரமே போவதில்லை என்று முடிவு செய்தோம். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், பிளாஸ்க்கில் காபி, ஆளுக்கொரு ஸ்வெட்டர். (ஆகஸ்ட் மாதம்தானே என்று ஸ்வெட்டரை மட்டும் மறந்துவிடாதீர்கள். காலையில் வெயில் அடிக்கும், மத்தியானம் மழை பெய்யும்.) முதலில் போனது ஏவ்பரி. பஸ்ஸிலேயே போகலாம். சுமார் 4,500 வருஷத்துக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு மேலான பாறைகளைப் பெரிய வட்டமாக நட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வட்டத்துக்குள்ளேயே ஒரு கிராமம் இருக்கிறது. பாறைகளுக்கு நடுவே ஆடு மேய்கிறது. பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்கலாம், சாய்ந்து உட்காரலாம், காசு கிடையாது. பழைய காலத்தில் கிராமத்து ஜனங்களே சில பாறைகளை உடைத்து வீடு கட்டிக் கொண்டார்களாம். அதைக் கேட்டு அம்மா, "எந்த ஊரா இருந்தாலும் மனுஷன் ஒண்ணுதான்" என்று சிரித்தார். வந்ததிலிருந்து அன்றுதான் முதல் சிரிப்பு.

அடுத்த ஞாயிறு அஃபிங்டன் வெள்ளைக் குதிரை. மலைச்சரிவில் பள்ளம் தோண்டி, சுண்ணாம்புக் கல்லை இடித்து நிரப்பி, 110 மீட்டர் நீளத்துக்கு ஒரு குதிரை. ஏறத்தாழ 3,000 வருஷமாக இருக்கிறது. அப்படியே விட்டால் புல் மூடிவிடும் என்று, இன்றைக்கும் ஊர் ஜனங்கள் வந்து சுத்தியலால் புதுச் சுண்ணாம்பை இடித்துப் போடுகிறார்களாம். "அப்ப இது கோலம்தான்" என்றார் அம்மா. என் மகள் அதைப் பள்ளிக்கூடத்தில் எழுதி, டீச்சரிடம் நல்ல பேர் வாங்கினாள்.

ஆனால் நான் எழுத வந்தது ரயில் மியூசியத்தைப் பற்றி. பேர் ஸ்டீம். நாங்கள் இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகியும் எட்டிப் பார்த்ததில்லை. கட்டணம் உண்டு என்பதாலும், ரயிலில் என்ன இருக்கிறது என்ற அலட்சியத்தாலும்தான். ஒருநாள் விடாத மழை. வேறு வழியில்லாமல் போனோம்.

1843ல் இங்கே ரயில்வே ஒர்க் ஷாப் திறந்த பிறகுதான் ஸ்விண்டன் பெரிய ஊரானதாம். இன்ஜினிலிருந்து பெட்டி வரைக்கும் எல்லாம் இங்கேயே செய்திருக்கிறார்கள். 1986ல் மூடிவிட்டார்கள். அந்தப் பழைய கட்டடம் ஒன்றில்தான் 2000ல் இந்த மியூசியம் வந்தது. தொழிலாளிகள் குடியிருந்த கல் வீடுகள் வரிசை வரிசையாக இன்னும் இருக்கின்றன. அங்கிருந்து தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை வழியாகத்தான் வேலைக்கு வருவார்களாம். சங்கு ஊதினால் ஊரே எழும்பும், சங்கு ஊதினால் ஊரே சாப்பிடும்.

இதையெல்லாம் நான் படித்துச் சொல்லச் சொல்ல, அம்மா, "நம்ம பொன்மலை மாதிரியேடி" என்றார். என் அப்பா பொன்மலை ஒர்க் ஷாப்பில் 36 வருஷம் வேலை பார்த்தவர். பாய்லர் ஷாப். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜின் செய்து கொடுத்தார்களே, அதே ஒர்க் ஷாப்தான். நான் பிறந்தது ரயில்வே ஆஸ்பத்திரியில், வளர்ந்தது குவார்ட்டர்ஸில். வருஷா வருஷம் பாஸ் போட்டு ஊருக்குப் போவோம். ஸ்விண்டனிலும் அதே கதைதான்! 1849லிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனியே தொழிலாளி குடும்பங்களை ஓசி ரயிலில் டூர் அனுப்பியது. 'டிரிப்' என்று பேர். பின்னாளில் ஒரே வாரத்தில் 20,000 பேருக்கு மேல் கடற்கரைக்குப் போய், ஊரே வெறிச்சோடிப் போகுமாம். ஆனால் அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. 1938 வாக்கில்தான் கிடைத்தது. "ரயில் ஓசி, அரிசி யார் குடுப்பா?" என்று அம்மா கேட்டார். பெண்களுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும்.

1923ல் இங்கே செய்த கேர்ஃபிலி காசில் என்ற பெரிய இன்ஜின் நிற்கிறது. அதன் அடியில் பள்ளத்துக்குள் இறங்கி நடந்து போகலாம். பொன்மலையில் ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் எங்களை உள்ளே விடுவார்கள், சந்தனம் குங்குமம் வைத்த மிஷினைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். மேலே கையை நீட்டி இரும்பைத் தடவினார். "இதுக்கு அடியில நின்னுதான் உங்கப்பா வேலை பார்த்தாரா?"

அங்கே உதவிக்கு நின்ற பெரியவர் ஒருவர் எங்களைக் கவனித்துவிட்டு வந்தார். அவரும் அந்தக் காலத்தில் இங்கே வேலை பார்த்தவர்தானாம். அப்பா பாய்லர் ஷாப் என்று நான் சொன்னதும், தன் காதைத் தொட்டுக் காட்டி, "அப்படியானால் அவருக்குக் காது போயிருக்குமே" என்றார். ஆணி அடிக்கிற சத்தத்தில் பாய்லர் ஆட்கள் எல்லோருக்கும் காது மந்தமாகிவிடும், வீட்டில் யாரும் சொல்லிக் கொள்ள மாட்டார்கள் என்றார். நான் தமிழில் சொன்னேன்.

அம்மா பேசவில்லை. அப்பா கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறார், வீட்டு விஷயம் என்றால் அவருக்கு அலட்சியம் என்று எத்தனை சண்டை! எங்கள் கல்யாணப் பேச்சில்கூட நடந்தது. அவர் ஒரு தடவைகூட, "எனக்குக் கேட்கலை" என்று சொன்னதில்லை. அங்கேயிருந்த பெஞ்சில் உட்கார்ந்து அம்மா ரொம்ப நேரம் அழுதார். அப்பா போனபோதுகூட அப்படி அழவில்லை. பெரியவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

அன்று ராத்திரி சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, கல்யாணமான புதிதில் அப்பா எப்படிப் பாடுவார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். அப்பா பாடுவார் என்பதே எனக்குத் தெரியாது.

டிக்கெட்டை மாற்றவில்லை. மூன்று மாதமும் இருந்தார். கோட் வாட்டர் ஏரிக்கரையில் குட்டி ரயில் விடுகிறார்கள், குதிரை மேல் உட்காருகிற மாதிரி காலைத் தொங்கப் போட்டு உட்கார வேண்டும். அதில் பேரன் பின்னால் உட்கார்ந்து இரண்டு சுற்று சுற்றினார். லிடியார்ட் பூங்காவில் பெரிய மாளிகை இருக்கிறது. "பெருக்கறதுக்கு எத்தனை ஆள் வேணும்" என்றதோடு அதை முடித்துக் கொண்டார்.

ஏப்ரல் லீவுக்கு நாங்கள் ஊருக்கு வருகிறோம். பொன்மலை ஒர்க் ஷாப்பைப் பார்க்க வேண்டும் என்று மகனுக்கு ஒரே பிடிவாதம். போனில் சொன்னதும் அம்மா, "கேட்டுக்கிட்ட நின்னு பார்க்கலாம், ஆயுத பூஜைக்கு வந்தாத்தான் உள்ள விடுவான். வெயில் மண்டையைப் பிளக்கும், புள்ளைக்குத் தொப்பி வாங்கிட்டு வா" என்றார்.

- ஒரு வாசகி, ஸ்விண்டன்