எக்ஸ்பென்சிவ் வேறு, ஓவர்பிரைஸ்ட் வேறு: அநியாய விலையைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்

மாணவர்களே, வாழ்க்கைச் செலவு, சந்தை, கடைத்தெரு பற்றி ஆங்கிலத்தில் கடிதமோ கட்டுரையோ எழுதச் சொன்னால் உங்களிற் பலர் ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். அச்சொல் ‘எக்ஸ்பென்சிவ்’. சொல்லிற் பிழையில்லை. ஆனால் அது ‘விலை கூடியது’ என்று மட்டுமே சொல்லும். அநியாயம் நடந்திருக்கிறது என்று சொல்லாது. முறைப்பாட்டுக் கடிதத்தில் அநியாயத்தைச் சொல்லாவிட்டால் அக்கடிதத்தை எழுதியும் பயனில்லை.

முதலில் ஒரு சிறு இலக்கண விடயம். நாம் ‘விலை கூட’ என்று பேசுவதால், ஆங்கிலத்திலும் ‘த பிரைஸ் இஸ் எக்ஸ்பென்சிவ்’ என்று எழுதிவிடுகிறோம். இது தவறு. பொருள்தான் ‘எக்ஸ்பென்சிவ்’, விலை ‘ஹை’. அதேபோல் பொருள் ‘சீப்’, விலை ‘லோ’. இந்த ஒன்றைத் திருத்திக்கொண்டாலே உங்கள் எழுத்து பாதி சீராகிவிடும்.

இனிப் புறக்கோட்டைக்குப் போவோம். செட்டியார் தெருவில் ஒரு பவுண் சங்கிலியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் தங்கத்தின் விலையை உலகச் சந்தையும் ரூபாவின் பெறுமதியுமே தீர்மானிக்கின்றன, கடைக்காரர் தன்னிச்சையாக வைப்பதில்லை. எனவே சங்கிலி ‘எக்ஸ்பென்சிவ்’. இப்போது பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்குவதாக வையுங்கள். 2025 ஏப்ரலில் 500 மில்லிலீற்றர் போத்தலுக்கு 70 ரூபா என உச்ச சில்லறை விலை விதிக்கப்பட்டது. அதன்பின் ஒருவர் அதை 120 ரூபாவுக்கு விற்றிருந்தால்? 120 ரூபா பெரிய காசல்ல, போத்தலை யாரும் ‘எக்ஸ்பென்சிவ்’ என்று சொல்லமாட்டார்கள். ஆனாலும் அது ‘ஓவர்பிரைஸ்ட்’, அதாவது பெறுமதிக்கு மேல் விலை வைக்கப்பட்டது. மலிவான பொருளும் ‘ஓவர்பிரைஸ்ட்’ ஆகலாம், விலை கூடிய பொருள் நியாய விலையிலும் கிடைக்கலாம். இரண்டு சொற்களும் அளப்பவை வேறு வேறு.

விற்றவர் செய்ததைச் சொல்ல ‘ஓவர்சார்ஜ்’ என்ற வினைச்சொல் உண்டு. இதன் செயப்படுபொருளாகப் பெரும்பாலும் ஆளே வரும்: ‘ஹி ஓவர்சார்ஜ்ட் மி’. அவர் என்னிடம் கூடுதலாக அறவிட்டார் என்பது கருத்து.

இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டுமானால் ‘எக்ஸோர்பிற்றன்ற்’. இலத்தீனில் இதன் வேர், வண்டித் தடத்தை விட்டு விலகிப் போனது என்று பொருள்படும். நியாயத்தின் தடத்தை விட்டு விலை விலகிவிட்டது என்று நினைவில் வையுங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சிறு அறைக்குக் கேட்கும் வாடகையை ‘எக்ஸோர்பிற்றன்ற் றென்ற்’ என்று எழுதலாம். ‘எக்ஸ்’ எழுத்துக்குப் பின்னால் ‘எச்’ எழுத்தைச் சேர்க்க வேண்டாம். பலர் அங்கேதான் புள்ளியை இழக்கிறார்கள். ‘எக்ஸ்ரோர்ஷனேற்’ இதற்கும் மேலே. கொழும்பில் நாம் ‘கப்பம்’ என்கிறோமே, அந்த ‘எக்ஸ்ரோர்ஷன்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. வேறு வழியில்லாதவனின் கழுத்தைப் பிடித்து வாங்கும் விலை. கண்ட இடமெல்லாம் பாவித்தால் சொல்லின் கூர் மழுங்கிவிடும்.

பேச்சு வழக்குக்கு ‘றிப்-ஓஃப்’ உண்டு. உரையாடல் எழுதும் வினாவில் தாராளமாகப் பாவியுங்கள், அலுவலகக் கடிதத்தில் வேண்டாம். ‘டேலைற் றொபரி’ என்பதை மனப்பாடம் செய்யவே தேவையில்லை, நமது ‘பகற்கொள்ளை’ சொல்லுக்குச் சொல் அதுதான். ஆனால் ‘யானை விலை குதிரை விலை’ என்பதை மொழிபெயர்த்து வைத்தால் ஆங்கிலேயனுக்கு விளங்காது. அவனுக்கு விலை யானையாக வராது. ஒரு கையும் ஒரு காலும் கொடுத்து வாங்கியதாக வரும். ‘இற் கொஸ்ற் அன் ஆம் அன்ட் எ லெக்’ என்பான்.

வியாபாரிகளின் நடத்தையைக் குறிக்கும் இரு சொற்கள் பத்திரிகைகளில் அடிக்கடி வரும்: ‘ஹோர்டிங்’, ‘புரொபிற்றியரிங்’. முன்னது பதுக்கல், பின்னது கொள்ளை இலாபம் அடித்தல். 2021 ஆகஸ்டில் சீனி கிலோ 200 ரூபாவைத் தாண்டியது. மாத இறுதியில் அவசரகால ஒழுங்குவிதிகள் கொண்டுவரப்பட்டன, களஞ்சியசாலைகள் சோதனையிடப்பட்டன. செப்டெம்பர் தொடக்கத்தில் பொதி செய்யாத வெள்ளைச் சீனிக்கு 122 ரூபா என உச்ச விலை விதிக்கப்பட்டது. அந்நாட்களின் ஆங்கிலச் செய்திகளில் ‘ஹோர்டிங்’ என்ற சொல் இடைவிடாது வந்தது.

அடுத்த ஆண்டு நடந்தது வேறு கதை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் ஏறத்தாழ 360. இறக்குமதியாகும் பருப்பு நான்காம் குறுக்குத் தெருவின் மொத்த விற்பனைக் கடைக்கு வரும்போதே விலையேறித்தான் வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். வாங்கியவர்கள் கடைக்காரரைத்தான் ஏசினார்கள். அவர்களுள் பதுக்கியவரும் இருந்திருக்கலாம், ஆனால் கூடிய விலைக்கு வாங்கிக் கூடிய விலைக்கு விற்றவரைப் ‘புரொபிற்றியர்’ என்று எழுதுவது பொய்க் குற்றச்சாட்டு. அங்கே ‘எக்ஸ்பென்சிவ்’ என்ற சாதாரண சொல்லே சரியான சொல். விலை திடீரென ஏறியதைச் சொல்ல ‘ஸ்ரீப் ரைஸ்’ போதும். ‘ஸ்ரீப்’ என்றால் செங்குத்தான. யாரையும் குற்றம் சாட்டாது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குக் கடிதம் எழுதும்போது இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் 2021 இல் திருத்தப்பட்டது. அதன்படி உச்ச விலைக்கு மேல் விற்ற தனி வியாபாரிக்கு ஆகக் குறைந்த தண்டமே 1 இலட்சம் ரூபா. எனவே கடிதத்தில் கோபச் சொற்களை அடுக்காமல், பொருள், திகதி, விதிக்கப்பட்ட விலை, அறவிட்ட விலை ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். பிறகு ‘ஐ வோஸ் ஓவர்சார்ஜ்ட்’ என்று ஒரு வரி. ‘டேலைற் றொபரி’ என்று எழுதினால் வாசிக்கும் அதிகாரிக்கு உங்கள் கோபம் மட்டுமே தெரியும்.

பயிற்சி: பின்வருவனவற்றுக்குப் பொருத்தமான சொல்லைத் தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதுக. (அ) கெய்சர் வீதியில் 900 ரூபாவுக்குக் கிடைக்கும் அதே துணி, வேறொரு கடையில் 2,400 ரூபா. (ஆ) வெள்ளத்தில் வீதி மூடப்பட்ட இரவில், வழமையாக 500 ரூபா வாங்கும் முச்சக்கரவண்டிக்காரர், நோயாளியை ஏற்ற 5,000 ரூபா கேட்கிறார். (இ) வரி கூடியதால் கைக்கடிகாரத்தின் விலை எல்லாக் கடைகளிலும் ஏறிவிட்டது.