தொங்கும் முனைக்கு இரங்காதீர்கள்!

வீட்டை ஒழுங்குபடுத்திக் கொண்டிருக்கிறீர்கள். அறைகளுக்கெல்லாம் இன்டர்நெட்டைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டியருகே, கேபிள் முனை ஒன்று அனாதையாகத் தொங்குகிறது. "கழன்றுவிட்டது போலிருக்கிறது, பாவம்!" என்று அதைக் காலியாயிருந்த துளையில் செருகிவிடுகிறீர்கள். மறு நிமிஷம் அறைக்கு அறை கூக்குரல்: "அம்மா! நெட் போச்சு!"

நடந்தது என்ன? அந்தக் கேபிளின் மறுமுனை ஏற்கெனவே அதே பெட்டியில்தான் இருந்திருக்கிறது! எல்லோருக்குமான பொதுச் செய்தி ஒன்று வந்தால், பெட்டி அதை மற்றத் துளைகள் வழியாகவெல்லாம் அனுப்பும். ஒரு முனையில் போனது மறு முனையில் திரும்பி வரும். வந்ததைப் புதுச் செய்தி என்று நம்பி மறுபடி அனுப்பும். ஊர் வம்பு மாதிரிதான். சுற்றச் சுற்றப் பெருகி, மற்றச் செய்திகளுக்கு வழியே இராது.

பின் ஏன் பெரிய ஆபீஸ்களில் வேண்டுமென்றே இரட்டைக் கேபிள் போடுகிறார்கள்? ஒன்று அறுந்தால் மற்றது கைகொடுக்கத்தான். அதுவரை இரண்டாவதைத் தூங்க வைக்கும் உபாயத்தை 1985-ல் கண்டுபிடித்தவர் ஒரு பெண்மணி: அமெரிக்காவில், டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன். பெட்டிகள் தமக்குள் பேசி ஒன்றை வேராகக் கொண்டு, கிளை பிரியும் மரம்போல் வழிகளை வகுத்துக்கொள்ளும். 'ஸ்பானிங் ட்ரீ' என்று அதற்குப் பெயர்.

காவலுக்கும் எல்லை உண்டு. 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீகனஸ் மருத்துவமனையில், வலை அளவு மீறி வளர்ந்திருந்ததால் இந்த ஏற்பாடு குலைந்தது. சுமார் நான்கு நாட்கள், எல்லாம் காகிதத்தில் எழுதி ஆள் மூலம் அனுப்பும்படி ஆயிற்று!

வீட்டுக்கு வாங்கும் மலிவான பெட்டிகள் பலவற்றில் இந்தக் காவலே கிடையாது. ஆகையால் நீங்கள்தான் காவல். விளக்குகளெல்லாம் ஒருசேர வெறிபிடித்தாற்போல் மின்னினால், கடைசியாகச் செருகிய கேபிளைப் பிடுங்குங்கள். எதுவென்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் ஆட்டம் அடங்குகிறதோ அதுவே குற்றவாளி.

விளக்கே எரியவில்லையா? 'டக்'கென்று சத்தம் வரும்வரை செருகிப் பாருங்கள். பிறகு வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். வேகம் மட்டும் 1000-லிருந்து 100-க்கு இறங்கிவிட்டதா? கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. 1000-க்கு நான்கும் வேண்டும். 100-க்கு இரண்டே போதும். எங்கோ ஒரு கம்பி விட்டிருக்கலாம்.

ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டி வையுங்கள். இனித் தொங்கும் முனையைக் கண்டால், சம்பந்தம் செய்யுமுன் பூர்வோத்தரம் விசாரியுங்கள்: மறுமுனை எங்கே இருக்கிறது?