காலிக்குச் செல்லும் காலை வண்டி

கல்முனைக்குப் புகையிரதம் இல்லை. 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்பை வந்தடைந்த இருப்புப்பாதை, வாவிக் கரையோடு களைத்து நின்றுவிட்டது போலும். அதற்குத் தெற்கே ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. களுவாஞ்சிக்குடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் எங்கள் கடலோர ஊர்களின் பிள்ளைகள் புகையிரதத்தைப் பாடநூற் படத்திற் கண்டே வளர்கின்றனர். யானும் அவ்வாறு வளர்ந்தவனே. ஆகவே, ஐம்பது கடந்த இவ்வயதிலும் புகையிரதம் என்றால் உள்ளம் சிறுபிள்ளையாகிவிடுகின்றது.

சென்ற விடுமுறையில் விடைத்தாள் திருத்தும் பணிக்காகக் கொழும்பு சென்றிருந்தோம், யானும் என் நண்பரும். அவர் மருதமுனையைச் சேர்ந்த விஞ்ஞான ஆசிரியர். என்னைப் "பண்டிதர்" என்பார், யான் அவரை "மாஸ்டர்" என்பேன். முப்பதாண்டுப் பழக்கம். பணி முடிந்து ஒரு நாள் கையில் எஞ்சியது. "காலிக்குப் போய் வருவம் பண்டிதர், ரயிலில" என்றார் அவர். யான் வியப்புற்றேன். அவர் வீட்டிலிருந்து மருதமுனைக் கடற்கரை பத்து நிமிட நடை. இருபதாண்டுகளுக்கு மேலாக அவர் அந்நடையை நடந்ததில்லை. 2004 டிசம்பர் 26ஆந் திகதி, அந்தக் கடற்கரையில் அவருடைய உம்மாவும் மூத்த மகளும் போயினர்.

கோட்டை நிலையத்தில் வண்டி ஏறியதும், "நீங்க கடல் பக்கம் இரிங்க" என்று எனக்கு வலப்புறத்துச் சாளரத்தை விட்டுத் தாம் இடப்புறத்தில் அமர்ந்தார். தெற்கு நோக்கிச் செல்வோர்க்குக் கடல் வலப்பக்கம். கொள்ளுப்பிட்டியிலிருந்து பாணந்துறை வரையில் இப்பாதை பெரும்பாலும் கடலை ஒட்டியே செல்கின்றது. வெள்ளவத்தையிலும் கல்கிசையிலும் அலைத் திவலை சாளரத்தினூடே முகத்திற் படிந்தது. எங்கள் கீழைக் கடல் காலையில் ஞாயிற்றைப் பிரசவிக்கும் செங்கடல். இஃதோ, முதுகில் வெயில் வாங்கிக்கொண்டு நீலம் விரித்துக் கிடக்கும் மேலைக் கடல். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று மாணவர்க்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாய் எனது. அன்று காலை அக்கடலில் இரங்கலைக் காண இயலவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வடை விற்பவன் வந்தான். இறால் வடை வாங்கினோம். மாஸ்டர் இரண்டு தின்றார்.

கொழும்பிலிருந்து காலி ஏறக்குறைய 115 கிலோமீற்றர். இப்பாதை 1894இல் காலியையும் மறு ஆண்டில் மாத்தறையையும் எட்டியது. 2019இல் பெலியத்த வரை நீண்டது. களுத்துறையிற் களுகங்கையைக் கடந்து, பேருவளை, அளுத்கமை, பெந்தோட்டை எனத் தென்னஞ்சோலைகளுக்கிடையே வண்டி ஓடிற்று. அம்பலாங்கொடையில் நின்றபோதுதான் மாஸ்டர் வாய் திறந்தார்.

"இந்த ஸ்டேசனுக்கும் அண்டைக்கு டெலிபோன் வந்திரிக்கி பண்டிதர். எடுக்க ஆளில்ல."

அவர் கூறியது உண்மை வரலாறு. அன்று காலை 6.50 மணிக்குப் பின் கோட்டையிலிருந்து புறப்பட்ட மாத்தறை வண்டி பத்து நிமிடம் ஓடுவதற்குள், சுமாத்திராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தது. எங்கள் கரையை அலை தாக்கியபோது மணி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. செய்தி மருதானைக் கட்டுப்பாட்டு நிலையத்தை எட்டியதும் கரையோரப் பாதையில் எட்டு வண்டிகளை நிறுத்திவிட்டனர். இந்த ஒன்றை மட்டும் எட்ட முடியவில்லை. அம்பலாங்கொடையில் ஊழியர் யாவரும் வண்டியருகே நின்றமையால் தொலைபேசி ஒலித்தும் எடுப்பாரில்லை. எடுத்தபோது வண்டி போய்விட்டது. 9.30 மணியளவில், பெரலியக் கிராமத்தில், அவ்வண்டி கடலுக்கு இரையாயிற்று. மாண்டோர் 1,700க்கும் மேல் என்பர். உலகப் புகையிரத வரலாற்றில் இதனினும் பெரிய உயிரிழப்பு வேறில்லை.

"நமக்கு அடிச்சி அரை மணித்தியாலத்துக்கு மேல பண்டிதர்" என்றார். "எண்ட கையில போன் இருந்திச்சி. கொழும்புல இருக்கிற மச்சானுக்கு எடுத்தன். உம்மாவக் காணல்ல, மகளக் காணல்ல எண்டன். வேற ஒண்டும் சொல்லல்ல. கடல் சுத்திப் போகும் எண்டு சொல்லல்ல. தட்டுல தண்ணிய ஊத்தி, நடுவுல கல்ல வெச்சி, அலை கல்லுக்குப் பின்னால வளைஞ்சி போறத்தக் காட்டிப் படிப்பிச்ச வாத்தி நான். எனக்குத் தெரியாதா?"

யான் பேசவில்லை. பிள்ளையைத் தேடி நிற்பவன் தீவைச் சுற்றி ஓடும் அலையைக் கணக்கிட்டிருக்க வேண்டும் என்று எந்த நீதிநூல் சொல்கிறது? எனினும் அதனை அவரிடம் சொல்வது, அவர் இருபதாண்டு சுமந்ததைச் சிறிது என்பது போலாகும். நில நடுக்கத்தைப் பல்லேகலைக் கருவிகள் சில நிமிடங்களிலே பதிந்தும் அபாயம் உணரப்படவில்லை. இது மாஸ்டருக்கும் தெரியும்.

இக்கடுவையில் இறங்கிப் பஸ்ஸில் சிறிது தூரம் வடக்கே திரும்பிப் பெரலியவை அடைந்தோம். பாதைக்கும் கடலுக்கும் இடையே சுமார் 200 மீற்றர். முதலலை வந்து வண்டி நின்றபோது, அதுவே காப்பென்று நம்பி ஊரார் பெட்டிகளின் மேல் ஏறினர், பின்னால் மறைந்து நின்றனர். இரண்டாம் அலை அவர்களையும் சேர்த்துக்கொண்டது. அங்கே நினைவுத்தூபி நிற்கின்றது; சற்று அப்பால், பாமியானில் தகர்க்கப்பட்ட சிலையை மாதிரியாகக் கொண்டு யப்பானியர் உதவியுடன் எழுந்த புத்தர். மாஸ்டர் கைகளை ஏந்திப் பிரார்த்தித்தார். யான், கபாடபுரத்தைக் கடல்கொண்ட கதையை இறையனார் களவியலுரையிலிருந்து எத்தனை முறை வகுப்பிற் சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். 'கடல்கோள்' எனக்கு இரு புள்ளி விடையாகவே இருந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்ட அன்று, அச்சொல்லும் 'சுனாமி' என்ற சொல்லும் எவர் வாயிலும் வரவில்லை. "கடல் வருது" என்றே கத்தினர்.

பின்னர் காலி சென்றோம். கோட்டை மதிலைப் பற்றி எழுதுவோர் பலர். யான் எழுதப் புகவில்லை. மாஸ்டர் கோட்டைக்குள் உள்ள மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலில் லுஹர் தொழுது வரும்வரை, யான் நிழலில் அமர்ந்து காலி மும்மொழிக் கல்வெட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். 1409 எனக் காலம் குறித்துச் சீனர் பொறித்த அக்கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் ஒருங்கே உள்ளன. சீனத்திற் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்குமாகக் காணிக்கை கூறும் கல் அது. 1911இல் இந்நகரிலேதான், மதகொன்றின் மூடியாகக் கிடந்து, கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ளது. தொழுகை முடித்து வந்த மாஸ்டரிடம் அதைச் சொன்னபோது, "மூடியாவும் வேலை செஞ்சிரிக்கி, நல்ல கல்" என்றார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

மாலை வண்டியில் திரும்பினோம். இப்போது கடல் இடப்பக்கம். யான் அவருக்காக வலப்புறத்தில் இடம் பிடித்து வைத்தேன். அவர் கேளாமல் இடப்பக்கச் சாளரத்தில் அமர்ந்துகொண்டார். பெரலியவைக் கடக்கையில் பேச்சில்லை. பாணந்துறையை அண்டியபோது ஞாயிறு நீரில் அமிழ்ந்துகொண்டிருந்தது. மாஸ்டர் கைத்தொலைபேசியை எடுத்து வீட்டுக்குப் பேசினார். ஊரைவிட்டு எங்கு சென்றாலும் அந்திக்கு அவர் கேட்கும் முதற்கேள்வியை யான் அறிவேன்.

"கடல் எப்பிடி மகள் இரிக்கு?"

மறுமுனையில் இளைய மகளின் குரல் எனக்கும் கேட்டது.

"அது அங்கதான் வாப்பா இரிக்கு. நீங்க சாப்பிட்டீங்களா?"