கேன்சர்னு தெரிஞ்ச பிறகு தூக்கம் ஏன் வரமாட்டேங்குது?

ரிப்போர்ட்ல கேன்சர்னு வந்த நாள்லேர்ந்து பலருக்குத் தூக்கம் போயிடுது. பகல் பொழுது ஸ்கேன், டோக்கன், இன்சூரன்ஸ், சொந்தக்காரங்க போன்னு ஓடிடும். லைட்டை அணைச்சதும் எல்லாக் கேள்வியும் வரிசையா வந்து நிக்கும். உங்க மனசு பலவீனமானதுன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. ஆபத்துன்னு தெரிஞ்சதும் மூளை காவலுக்கு உட்கார்ந்துடுது.

சிக்கல் அதுக்கு அப்புறம்தான். தூக்கம் வரலையேன்னு ஒன்பது மணிக்கே படுத்துப் புரள்றோம். கொஞ்ச நாள்ல படுக்கையைப் பார்த்தாலே, 'இன்னிக்கும் வராதோ'ன்னு பயம் வருது. ரிச்சர்ட் பூட்ஸின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-ல் இதுக்கு ஒரு வழி சொன்னார்: படுக்கையைத் தூங்க மட்டும் பயன்படுத்துங்க. இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரலைன்னா எழுந்து ஹாலுக்குப் போங்க. மங்கலான வெளிச்சத்துல துணி மடிங்க, பாட்டு கேளுங்க. கண் சொக்கினதும் திரும்பப் படுங்க. எப்போ தூங்கினாலும் காலைல ஒரே நேரத்துல எழுந்திருங்க. கீமோவால தலைசுத்தல், அசதி இருந்தா நடமாட வேண்டாம்; சாய்ஞ்சு உட்கார்ந்தாலே போதும். பகல்ல ஓய்வு தேவைதான், ஆனா அரை மணி நேரத்துக்குள்ள முடிச்சுக்கோங்க.

இது போன்ற பழக்கங்களைச் சேர்த்து உருவான பேச்சு சிகிச்சைக்கு 'சிபிடி-ஐ' என்று பெயர். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல்ல தர வேண்டிய சிகிச்சை இதுதான்னு அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது.

சரி, கவலையை என்ன பண்றது? 'கவலைப்படாதே'ன்னு சொன்னா அது போகாது. அதுக்கு ஒரு நேரம் ஒதுக்குங்க. சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினைஞ்சு நிமிஷம், ஒரு நோட்டு. ஒரு பக்கம் டாக்டர் பதில் சொல்லக்கூடிய கேள்விகள்: 'முடி கொட்டுமா? வேலைக்குப் போகலாமா?' இன்னொரு பக்கம் இன்னிக்கு யாராலயும் பதில் சொல்ல முடியாதவை: 'திரும்ப வருமா?' ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் கேள்வி எழுப்பினா, 'நோட்டுல இருக்கு, நாளைக்கு ஆறு மணிக்குப் பார்த்துக்கலாம்'னு சொல்லுங்க. அந்த நேரத்துல கூகுள் வேண்டாம். அங்கே இருக்கற சதவீதம் ஆயிரக்கணக்கான பேரோட கணக்கு. உங்க ரிப்போர்ட்டைப் படிச்சுச் சொன்னது இல்லை.

எல்லாத் தூக்கமின்மையும் மனசுல இருந்து வர்றதில்லை. கீமோவோட வாந்தியைத் தடுக்கத் தர்ற டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையே தூக்கத்தைக் கெடுக்கும். 'இதைக் காலைல எடுத்துக்கலாமா?'ன்னு டாக்டர்கிட்ட கேளுங்க; நீங்களா நிறுத்தாதீங்க. வலி, ராத்திரி வியர்வை, அடிக்கடி சிறுநீர் எதுவா இருந்தாலும் சொல்லுங்க. தூக்க மாத்திரையையும் கடைல நீங்களா வாங்க வேண்டாம்.

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நோய்னா, கிச்சன்ல கிசுகிசுன்னு பேசாதீங்க. உள்ளே படுத்திருக்கறவங்க முழிச்சுக்கிட்டு, அதைவிட மோசமா ஒண்ணைக் கற்பனை பண்ணிட்டிருப்பாங்க. 'என்ன பயமா இருக்கு?'ன்னு கேட்டு, பதிலை முழுசா கேளுங்க.

ஒரு ராத்திரி தூங்கலைன்னா சிகிச்சை கெட்டுப்போகாது. ஆனா ரெண்டு வாரமா மனசு இருண்டே இருந்தா, வாழ்ந்து என்னன்னு தோணினா, காத்திருக்காதீங்க. உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க. டெலி-மானஸ் 14416 இலவச எண். எந்த நேரத்திலும் தமிழ்லயே பேசலாம். அடுத்த முறை ஆஸ்பத்திரி போகும்போது நோட்டை எடுத்துட்டுப் போங்க. முதல் வரியா 'தூக்கம் வரலை'ன்னு எழுதி வைங்க.