பையில் அச்சடித்த முகவரி யாருடையது?

சம்பா அறுவடை முடிந்து, அரிசி அரைத்துப் பையில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். சேலத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "தம்பி, உங்க தூயமல்லி பையில இருக்குற வெப்சைட்டப் போட்டா ஏதோ சீட்டாட்டம் வருதே, என்னப்பா இது?"

போட்டுப் பார்த்தேன். சூதாட்டப் பக்கம்தான் வந்தது. 3,000 பை அச்சடித்திருந்தோம். அதில் ஆயிரத்துக்கு மேல் வெளியூர் போய்விட்டது. ரசாயனம் இல்லாத அரிசி என்று நம்பி வாங்குகிறவர், அந்தப் பக்கத்தைப் பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்?

நடந்தது இதுதான். திருவாரூர்ப் பக்கம் நாங்கள் பதினோரு பேர் சேர்ந்து மரபு நெல் அரிசி விற்கிறோம். வெப்சைட்டுக்கு விசாரித்தபோது ஒருவர் 40,000 கேட்டார், இன்னொருவர் 25,000. நகரத்தில் ஒரு சின்ன கம்பெனி மட்டும் "எல்லாம் சேத்து எட்டாயிரம்ணே" என்றது. மகிழ்ச்சியாகக் கொடுத்துவிட்டோம். அந்த 'எல்லாம்' என்பதற்குள் என்னென்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. முகவரியைத் தங்கள் பெயரிலேயே பதிந்திருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஆபீஸை மூடினார்கள், போன் எடுப்பதில்லை. ஆண்டுக் கட்டணம் கட்டாமல் முகவரி காலாவதியாகி, வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். எங்கள் குழுவில் மூத்த ஐயா ஒரே வரியில் சொன்னார்: "பட்டா அவன் பேருல, உழவு நம்ம கையில."

வெப்சைட்டில் மூன்று செலவுகள் தனித்தனி. முதலாவது டொமைன் எனப்படும் முகவரி. இதை யாரும் விலைக்கு வாங்கிச் சொந்தமாக்க முடியாது. வருடா வருடம் பணம் கட்டி வைத்திருக்கலாம், அவ்வளவுதான். '.இன்' முகவரிக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் ஆகும். முதல் வருடம் சலுகை விலை காட்டுவார்கள், இரண்டாம் வருடம் ஏறும். புதுப்பிக்கும் கட்டணத்தை முதலிலேயே கேளுங்கள். இரண்டாவது ஹோஸ்டிங், அதாவது பக்கங்கள் இருக்கும் இடத்துக்கான வாடகை. மூன்றாவதுதான் வடிவமைப்பவரின் கூலி. கூலியில் பேரம் பேசலாம். ஆனால் முதல் இரண்டையும் நாமே, நம் பெயரில், நம் மின்னஞ்சலில் பதிய வேண்டும். அந்த மின்னஞ்சலும் யாரோ ஒருவரின் மகனுடையதாக இல்லாமல் குழுவுக்கென்று தனியாக இருக்கட்டும். கடவுச்சொல் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு முன் இன்னொரு கேள்வி. வெப்சைட் வேணுமா? பக்கத்து டவுனில் மட்டும் காய்கறி கொடுப்பவருக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. வாட்ஸ்அப் பிசினஸில் பொருளையும் விலையையும் பட்டியலாகப் போடலாம், காசில்லை. கூகுள் வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பதிவதற்கும் காசில்லை. நாங்கள் ஒரு வருடம் இவற்றை வைத்தே ஓட்டினோம். வெளியூர்க் கடைக்காரர்கள் பி.ஜி.எஸ். சான்றிதழைக் காட்டு, யார் வயலில் விளைந்தது என்று காட்டு எனக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் வெப்சைட் தேவைப்பட்டது.

இரண்டாவது முறை விளம்பரத்தைப் பார்த்து ஆள் தேடவில்லை. நன்றாக ஓடும் இயற்கை அங்காடிகள் நான்கைந்துக்குப் போன் செய்தோம். "விலை மாறினா யார் மாத்துறது?" என்று மட்டும் கேட்டோம். "அவங்களுக்குச் சொல்லணும், ஒரு வாரம் ஆகும்" என்றவர்களின் ஆளை விட்டுவிட்டோம். நமக்குக் கவுனி தீர்ந்தால் அன்றைக்கே தீர்ந்தது என்று போட வேண்டுமே! கடைசியில் அமைந்தவர், கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை செய்யும் பக்கத்து ஊர்ப் பெண். வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில் செய்து கொடுத்தார். ஐந்தே பக்கம், கூலி 12,000, மூன்று தவணை. எங்களில் இரண்டு பேர் போனிலிருந்தே விலை மாற்றக் கற்றுக்கொண்ட பிறகுதான் கடைசித் தவணை என்று பேசினோம். "அதுவும் சரிதான் அண்ணா" என்று அவரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

வேலைக்கு நடுவில் சில சிக்கல்கள் வந்தன. எங்கள் நோட்டீஸ் டி.டி.பி. கடையில் பழைய எழுத்துருவில் அடித்தது. அதை அப்படியே போட்டால் கட்டம் கட்டமாக வந்தது. யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்தோம். கேமரா படங்கள் ஒவ்வொன்றும் ஐந்தாறு எம்.பி.; எங்கள் ஊர் சிக்னலில் பக்கம் திறக்கவே இல்லை. 200 கே.பி.க்குக் கீழே சுருக்கிய பிறகு சட்டென்று திறந்தது. பழைய கம்பெனிக்காரர்கள் இணையத்தில் எடுத்த ஒரு ஏர் படத்தைப் போட்டிருந்தார்கள். அதில் இருந்தது நம் உம்பளச்சேரி மாடே இல்லை. இந்த முறை எங்கள் மாட்டையே படம் எடுத்தோம். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. கியூஆர் மட்டும் வைத்திருக்கிறோம். கட்டண கேட்வே போட்டால் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய் போகும். அரிசியில் அந்த இரண்டு ரூபாயும் காசுதான்.

மீதிப் பைகளில் புது முகவரி ஸ்டிக்கர் ஒட்ட, வீட்டுப் பெண்களோடு நாங்களும் மூன்று நாள் உட்கார்ந்தோம். சேலத்து அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அடுத்த மாதமும் ஐந்து கிலோ கேட்டார். புதிய முகவரிக்கு மூன்று வருடக் கட்டணத்தைச் சேர்த்தே கட்டியிருக்கிறோம். அடுத்து கட்ட வேண்டிய தேதியை அரிசி மில் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறோம்.