ஒட்டுப் போடத் தவறிய 59 நாள்

‘அப்டேட் தயார்’ என்று திரையோரத்தில் அறிவிப்பு வரும். வேலை மும்முரத்தில் ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிவிடுவோம். இந்த ஒத்திப்போடல் எங்கே கொண்டுபோய்விடும் என்பதை 2017 மே 12 அன்று உலகம் பார்த்தது.

அன்று பரவிய ‘வான்னாக்ரை’ வைரஸ், கணினியிலிருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புக்கு பிட்காயின் கேட்டது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஏறத்தாழ 19,000 நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தானதாக மதிப்பிடப்பட்டது. சிக்கியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றின் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. 59 நாள் கையில் இருந்தும் பலர் அதைப் போடவில்லை.

அப்டேட் வந்தபின் தாமதிப்பது ஏன் கூடுதல் ஆபத்து? பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். போடாதவர் வீட்டில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதும் திருடனுக்குத் தெரிந்துவிடும்.

பிரவுசருடன் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு நிரல்களும் இப்படித்தான். 2012இல் ‘ஃபிளாஷ்பேக்’ என்ற வைரஸ், ஜாவா பிளகின் ஓட்டை வழியாக சுமார் 6 லட்சம் மேக் கணினிகளில் புகுந்தது. கெட்டுப்போன ஓர் இணையதளத்தைத் திறந்தாலே போதும். எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. ஜாவாவை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனம் பிப்ரவரியிலேயே ஓட்டையை அடைத்துவிட்டது. மேக் கணினிகளுக்கு அந்தத் திருத்தத்தை ஆப்பிள் ஏப்ரலில்தான் கொண்டுவந்தது. அந்த இடைவெளியில்தான் வைரஸ் நுழைந்தது.

நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆட்டோமேட்டிக் அப்டேட்டை இயக்கத்திலேயே வையுங்கள். பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷன்களை நீக்கிவிடுங்கள். இணையதளத்தில் திடீரென முளைக்கும் ‘அப்டேட் செய்யுங்கள்’ பெட்டியை நம்பாதீர்கள். அப்டேட் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று பிரவுசரின் செட்டிங்ஸுக்குள் போய்ப் பாருங்கள். உதாரணமாக, பிரவுசர் பிளகினான ஃபிளாஷ் பிளேயரை அதன் நிறுவனமான அடோபி 2020 டிசம்பர் 31உடன் கைவிட்டுவிட்டது. இன்று அதைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு வந்தால், அது வலைதான்.

இன்னொன்று: பிரவுசர் தானாக இறக்கிக்கொண்ட அப்டேட், பிரவுசரை மூடித் திறந்த பிறகே நடைமுறைக்கு வரும். நாள்கணக்கில் டேப்களை மூடாமல் வைத்திருப்பவரிடம் அது வந்தும் வராததுதான். இன்று வேலை முடிந்ததும் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு எழுந்திருங்கள்.