உள்ளங்கையில் உருகும் உலோகம் எது?

உங்கள் சிந்தனைக்கு ஒரு புதிர். பாதரசம், வெள்ளீயம், சீசியம், காலியம் ஆகிய நான்கு தனிமங்களுள் ஒன்று, 20 பாகை செல்சியஸ் குளிர்ச்சியுள்ள அறையில் உங்கள் முன் கட்டியாக இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நீரிலிட்டால் அமைதியாக மூழ்கும். உள்ளங்கைச் சூட்டிலேயே உருகிவிடும். அது எது?

ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். பாதரசம் அந்த அறையில் கட்டியாக இராது, திரவமாகவே இருக்கும். வெள்ளீயம் உருக 232 பாகை வேண்டும். சீசியம் 28 பாகையளவில் உருகும். ஆனால், நீர் பட்டதும் வெடிக்கும். எஞ்சியது காலியம். நம் கோடையிலோ அது தானாகவே உருகிவிடும்!

இதனினும் கடினமான புதிரை, பொருளைக் காணாமலேயே விடுவித்தவர் ரஷ்ய அறிஞர் மெண்டலீஃப். தனிமங்களை அவர் அணு எடைப்படி வரிசைப்படுத்தியபோது, அலுமினியத்தின் கீழே ஓரிடம் வெறுமையாயிருந்தது. அங்கு வரவேண்டிய தனிமத்தின் அணு எடை ஏறத்தாழ 68, அடர்த்தி ஏறத்தாழ 6 என்று 1871-இல் முன்னுரைத்தார்.

1875-இல் பிரெஞ்சு அறிஞர் லெக்கோக் த புவாபோத்ரான் காலியத்தைக் கண்டறிந்தார். ஆனால், அவர் அளந்த அடர்த்தி 4.7. பொருள் தூய்மையாயிராது, மீண்டும் அளக்க வேண்டும் என்றார் மெண்டலீஃப். தூய்மைப்படுத்தி அளந்தபோது கிடைத்த எண் 5.9! கையில் வைத்திருந்தவரின் அளவைக் கண்ணால் காணாதவரின் தர்க்கம் திருத்தியது.

இன்றிரவு உங்கள் பிள்ளைகளிடம் இப்புதிரைக் கூறுங்கள். விடையை மட்டும் கேளாதீர்கள். எதனை, ஏன் நீக்கினார்கள் என்றும் கேளுங்கள். அறிவு வளர்வது அங்கேதான்.